புண்ணியத்துக்கு வரைந்த சுவர்கள்

விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு ரென்னிஸ். தென்மேற்கு லண்டனில் வாழும் எம்மவருக்கோ எப்ரா வீதியில் 1981 இல் தொடங்கிய கணபதி கோயில். இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று அங்கே இருப்பதை எம்மில் பலர் அறியார். அறிந்தவர்களிலும் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. விம்பிள்டன் பொதுவெளியை ஒட்டிச் செல்லும் பார்க்சைட் வீதியிலிருந்து பிரிகின்ற கலோன் வீதியில், பெரிய ஆங்கிலேய வீடுகளுக்கு நடுவே, தாய்லாந்துக் கூரையோடு ஒரு பௌத்த விகாரை நிற்கின்றது. பெயர் புத்தபதீபம். அதன் பிரதான மண்டபத்தின் உட்சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். அவற்றை வரைந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், எதற்காக வரைந்தார்கள் என்ற கேள்விகள் புலம்பெயர்ந்த தமிழராகிய எம்மை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதைக் குறித்துச் சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விரும்புகின்றோம்.

உள்ளே போகாமைக்குத் தூரம் மட்டும் காரணமன்று. விகாரை என்ற சொல்லே எம்மவர் காதில் வேறு விதமாக விழுகின்றது. எமக்குத் தெரிந்த விகாரைச் சுவர்களில் நாம் தோற்றவர்களாகவே வரையப்பட்டிருக்கின்றோம். தம்புள்ளைக் குகை விகாரையில் துட்டகைமுனுவும் எல்லாளனும் பொருதும் காட்சி உண்டு. களனி விகாரையில் சோலியஸ் மென்டிஸ் வரைந்தவை எவ்வளவு வடிவாயினும், ஓர் இனத்தின் வரலாற்றை அந்த இனத்துக்கே எடுத்துச் சொல்லும் படங்கள். 2009 க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இராணுவ முகாம்களின் அருகே எழுந்த புத்தர் சிலைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, அரசு வேறு புத்தர் வேறு என்று பிரித்துப் பார்ப்பது இலகுவான காரியமில்லை.

ஆயினும் மணிமேகலை எமது மொழியில் எழுந்த காப்பியம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாகபட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்த விகாரையின் எஞ்சிய கோபுரம் 1867 இல் இடிக்கப்படும்வரை கடற்கரையில் நின்றது. பாங்கொக் அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவையை மந்திரம்போல் ஓதிவந்தமையும் எம்மவர் பலரும் அறிந்த செய்தியே. தென்கிழக்காசியாவிலிருந்து வந்தவர் பிறர் மண்ணில் தமக்கொரு விகாரை கட்டிக்கொள்வது எமது வரலாற்றுக்குப் புதிதன்று. அந்த நினைப்போடு கலோன் வீதிக்குள் நுழையலாம்.

இவ்விகாரை முதலில் விம்பிள்டனில் இருக்கவில்லை. 1965 இல் ஈஸ்ற் ஷீன் பகுதியில் ஒரு வீட்டில் தொடங்கியது. 1966 இல் தாய்லாந்து மன்னர் பூமிபொலும் அரசியும் அதனைத் திறந்துவைத்தனர். 1976 இல் விம்பிள்டனுக்கு இடம்மாறியது. பிரதான மண்டபம் 1982 இல் முறைப்படி பிரதிஷ்டை செய்யப்பட்டது. அப்போது உட்சுவர்கள் வெறுமையாக இருந்தன. 1984 இல் இரண்டு இளைஞர்கள் அந்த வெள்ளைச் சுவர்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் சலெர்ம்சாய் கோசித்பிபாத், வயது 29. மற்றவர் பன்யா விஜிந்தனசான், வயது 28. பின்னர் இவர்களோடு இருபதுக்கும் மேற்பட்ட இளம் தாய்லாந்து ஓவியர்கள் சேர்ந்துகொள்ள, வேலை கட்டம் கட்டமாக 1992 வரை நீண்டது.

சலெர்ம்சாய் 1955 இல் தாய்லாந்தின் வடகோடியில் உள்ள சியாங் ராய் மாகாணத்தின் றொங் குன் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஆரம்பத்தில் சினிமா விளம்பரப் பலகைகளுக்குப் படம் கீறியவர். இது எமக்கு முக்கியமான தகவல். சினிமாப் பலகைக்குக் கீறுகின்றவன் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்காகக் கீறுகின்றான். முகம் யாருடையது என்று ஒரு நொடியில் தெரியவேண்டும். நிறம் பஸ்ஸில் போகின்றவனைத் திரும்பிப் பார்க்க வைக்கவேண்டும். யாழ்ப்பாணத்துத் தியேட்டர் வாசல்களில் நின்ற கட்அவுட்டுகளைக் கீறியவர்களுக்கும் இந்த வித்தை தெரிந்திருந்தது. அவர்களை நாம் ஓவியர் என்று அழைத்ததில்லை; 'போர்ட் எழுதுகின்றவர்' என்றே அழைத்தோம். சலெர்ம்சாயின் சுவரில் இந்தப் பயிற்சி அப்படியே தெரிகின்றது. கோடு சுத்தமானது, பொன்னும் வெள்ளையும் பளிச்சிடும், கூட்டத்துக்கு நடுவிலும் ஒவ்வொரு முகமும் தனித்துத் தெரியும்.

இருவரும் பாங்கொக் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அதன் கதையும் அறியத்தக்கது. புளோரன்ஸ் நகரத்தவரான கொறாடோ பெரோச்சி என்ற சிற்பி 1923 இல் சயாம் அரசின் அழைப்பில் அங்கு சென்றார். பின்னர் சில்ப பீரசிறி எனத் தாய்லாந்துப் பெயர் பூண்டு, 1962 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1943 இல் சில்பகோர்ன் பல்கலைக்கழகமாக உருப்பெற்றதற்குப் பின்னால் இருந்தவர் அவரே. மேற்கத்தைய உடற்கூறும் தூரநோக்கும் கற்பித்த அதே மனிதர், பழைய விகாரைச் சுவரோவியங்களைப் பாதுகாக்கவும் படிக்கவும் வேண்டும் என்றும் மாணவர்களுக்குச் சொன்னார். ஒரு நாட்டின் பழைய சுவர்களை அந்த நாட்டவருக்கு ஓர் இத்தாலியர் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இதனைச் சிரித்துவிட்டுப் போகமுடியாது. 1938 இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஓவியக் கழகமும் இலங்கையில் ஓவியப் பரிசோதகராக இருந்த வின்சர் என்ற ஆங்கிலேயரின் பெயரையே தாங்கியது. வேறுபாடு பின்னர் நடந்ததில் இருக்கின்றது. பாங்கொக்கில் அந்த விதை பல்கலைக்கழகமாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அது ஓவிய ஆசிரியர்களின் தனிப்பட்ட முயற்சியாகவே நின்றது. மாற்கு மாஸ்ரர் போன்றோர் தம்மிடம் வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே எமது ஓவியக் கல்லூரி.

சலெர்ம்சாயும் பன்யாவும் மாணவராயிருந்த காலமும் சாதாரண காலமன்று. 1973 ஒக்ரோபரில் தாய்லாந்து மாணவர்கள் இராணுவ ஆட்சியை வீழ்த்தினர். 1976 ஒக்ரோபர் 6 ஆம் திகதி, சில்பகோர்னுக்கு அண்மையில் உள்ள தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அதற்கு முன் சுவரொட்டியும் பதாகையும் வரைந்த ஓவியத் தலைமுறை அடங்கிப்போனது. அதன்பின் மேலெழுந்தது 'தாய்த்தன்மை' பேசும் புதுமரபு ஓவியம். வங்கிகள் அதற்குப் பரிசுப் போட்டிகள் நடத்தின; பாங்கொக் வங்கி 1974 இலேயே தொடங்கிவிட்டது. வங்கிகளும் ஹோட்டல்களும் அந்தப் படங்களை வாங்கித் தம் சுவர்களில் மாட்டின. எனவே விம்பிள்டனுக்கு வந்த இந்த இளைஞர்களைக் காட்டிலிருந்து வந்த பக்தர்களாகக் கற்பனை செய்யக்கூடாது. கொலைக்குப் பின் வந்த மௌனமும், சந்தையும், அரண்மனையின் நிழலும், உண்மையான மத நம்பிக்கையும் ஒன்றாகக் கலந்த காலத்தின் பிள்ளைகள் அவர்கள். கலைஞர் ஒருவரின் 'பின்னணி' என்று நாம் எழுதும்போது பிறந்த ஊரையும் படித்த பள்ளியையும் மட்டும் எழுதிவிட்டு இவற்றை விட்டுவிடுவது எமது விமர்சனப் பழக்கம். அது போதாது.

இனி, ஏன் வரைந்தார்கள் என்ற கேள்வி. தங்குமிடம், சாப்பாடு, பொருட்செலவு ஆகியவற்றுக்கு மேல் இந்த ஓவியர்கள் ஊதியம் பெறவில்லை. அவர்கள் இதனை 'புன்' சேர்ப்பது என்றார்கள். பாளியின் 'புஞ்ஞ', எமது 'புண்ணியம்', அவர்களது 'புன்' எல்லாம் ஒரே சொல்தான். பணக்காரன் பணம் கொடுத்துப் புண்ணியம் சேர்க்கின்றான், கிழவி பிக்குவுக்குச் சோறு போட்டுச் சேர்க்கின்றாள், ஓவியன் தன் வருடங்களைக் கொடுத்துச் சேர்க்கின்றான். சாண்ட்ரா கேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இவ்விகாரைச் சுவர்களைப் பற்றியே 2003 இல் ஒரு நூல் வெளியிட்டார். புண்ணியம் சேர்ப்பதும் கலை செய்வதும் ஒன்றுக்குள் ஒன்றாக எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதே அந்நூலின் பொருள்.

எம்மைப் போல் உணவகச் சமையலறைகளில் நிற்பவர்களுக்கு ஊதியமில்லாத உழைப்பு என்றால் உடனே சந்தேகம் வரும். 'நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்தானே' என்று சொல்லி, கடை பூட்டிய பிறகும் சம்பளமில்லாமல் இரண்டு மணித்தியாலம் மறிக்கின்ற முதலாளிகளை இந்நகரத்தில் எம்மவர் நிறையக் கண்டிருக்கின்றார்கள். புண்ணியம், தொண்டு, தியாகம் என்ற சொற்கள் வரும்போதெல்லாம் யார் கொடுக்கின்றார்கள், யார் வாங்குகின்றார்கள் என்று கேட்கவே எமது அனுபவம் பழக்கியிருக்கின்றது. அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்போம். விகாரைக்குச் சுவர் கிடைத்தது. தாய்லாந்து அரசுக்கு லண்டனில் ஒரு காட்சிப்பொருள் கிடைத்தது. ஓவியர்களுக்கு என்ன கிடைத்தது?

பெயர் கிடைத்தது என்பது உண்மை. சலெர்ம்சாய் 2011 இல் தாய்லாந்தின் தேசியக் கலைஞரானார். பன்யாவும் பின்னர் அந்நாட்டின் முதல்வரிசை ஓவியர்களில் ஒருவரானார். புண்ணியமும் புகழும் ஒரே சம்பளப் பையில் வந்தன என்று ஏளனமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் காணாமல் விடமுடியாது. சம்பளமில்லாமல் மறிக்கப்படும் தொழிலாளிக்குத் தான் கழுவுகின்ற சட்டியைப் பற்றி எந்தச் சொல்லும் இல்லை. இவர்களுக்கோ சுவரில் என்ன இருக்கவேண்டும் என்பதில் சொல் இருந்தது. ஊதியத்துக்குப் பதிலாக அவர்கள் வாங்கிக்கொண்டது அந்தச் சுதந்திரத்தை என்று நாம் கருதுகின்றோம். சுவரைப் பார்த்தால் அது விளங்கும்.

சுவரில் இருப்பது புத்தரின் வாழ்க்கையும் ஜாதகக் கதைகளும். விடயம் பழையது. தாய்லாந்து விகாரைகளில் தவறாமல் வரும் காட்சிகளில் ஒன்று மாரனின் தோல்வி. போதிமரத்தடியில் அமர்ந்திருக்கும் சித்தார்த்தனை மாரனின் சேனை சூழ்ந்து வருகின்றது. பூமாதேவி தன் கூந்தலைப் பிழிய, அதிலிருந்து பாயும் வெள்ளம் சேனையை அடித்துச் செல்கின்றது. விம்பிள்டனில் இக்காட்சியை வரைந்தவர் பன்யா. சலெர்ம்சாயின் கை ஒளியை நோக்கிப் போவதென்றால் பன்யாவின் கை கலக்கத்தை நோக்கிப் போகின்றது. உருவங்கள் ஒன்றையொன்று விழுங்குவதுபோல் நெருங்கி நிற்கின்றன. பயங்கரம் அலங்காரமாக மாறிவிடாமல் பயங்கரமாகவே இருக்கின்றது. இரு மனோபாவங்கள் ஒரே மண்டபத்தில் எதிரும் புதிருமாக இருப்பதுதான் இச்சுவர்களின் பலம். தனி ஒருவர் வரைந்திருந்தால் இது இனிப்பாகவோ கசப்பாகவோ மட்டும் முடிந்திருக்கும்.

இந்தப் பழைய கதைகளுக்கு நடுவே அக்காலத்து மனிதர்கள் நிற்கின்றார்கள். மார்கிரட் தட்சர் இருக்கின்றார். அன்னை தெரேசா இருக்கின்றார். வரைந்தவர்களின் சொந்த முகங்களும் இருக்கின்றன. புத்தரின் காலத்துக்குள் 1980 களின் லண்டன் நுழைந்துவிட்டது. இதற்கு எதிர்ப்பு வந்தது. அரசிடமிருந்தும், பிக்குகளிடமிருந்தும், சக ஓவியர்களிடமிருந்தும், இது தாய்லாந்துக் கலையே அல்ல என்ற குற்றச்சாட்டு வந்ததாகச் சலெர்ம்சாயே பின்னாளில் சொல்லியிருக்கின்றார்.

குற்றஞ்சாட்டியவர்கள் தமது மரபைச் சரியாகப் பார்த்தவர்களல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறுவா இன் கொங் என்ற ஓவியப் பிக்கு, பாங்கொக் பொவொன்னிவெட் விகாரையின் சுவரில் ஐரோப்பியக் கட்டிடங்களையும் தொப்பி போட்ட வெள்ளையரையும் தூரநோக்கோடு வரைந்தார். மேற்கு நாடு எதற்கும் அவர் போனதில்லை. வந்துசேர்ந்த அச்சுப்படங்களைப் பார்த்தே வரைந்தார். அவரது காலத்துக்குப் புதிதாக இருந்தது அவரது சுவருக்குள் வந்தது. விம்பிள்டன்காரர்கள் செய்ததும் அதுவே.

எமது மரபும் இதற்கு விலக்கன்று. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த முசுகுந்தன் கதை ஓவியங்கள் இருக்கின்றன. இந்திரலோகத்திலிருந்து தியாகராசர் திருவாரூருக்கு வந்த கதை அது. அதாவது ஒரு தெய்வம் இடம்பெயர்ந்த கதை. அந்தத் தேவலோகக் கதைக்குள் அக்காலத்துத் திருவிழா வாணவேடிக்கை அப்படியே வரையப்பட்டிருக்கின்றது. படங்களுக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கின்றது. வரைந்தவர் சிங்காதனம் என்று தம் பெயரையும் சுவரில் எழுதிவைத்திருக்கின்றார். தன் காலத்தையும் தன் பெயரையும் சுவரில் வைத்த தமிழ் ஓவியன் ஒருவன் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எமக்கு இருந்திருக்கின்றான். பழையதை அச்சுப்போல் திரும்பக் கீறுவதே மரபு என்று இன்று எமக்குச் சொல்லப்படுவது பின்னால் வந்த பழக்கம்.

இப்போது தட்சர் அம்மையாரிடம் திரும்பிவருவோம். இந்த முகத்தைப் பார்க்கும்போது தாய்லாந்துக்காரருக்கு வருகின்ற சிரிப்பு எமக்கு வருவதில்லை. இச்சுவர்கள் வரையப்பட்ட ஆண்டுகளை மனதில் வைத்துப் பாருங்கள். 1983 யூலைக்குப் பின் எம்மவர்கள் லண்டனுக்கு ஓடிவரத் தொடங்கினர். 1985 இல் தட்சர் அரசு இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. பொதுநலவாய நாடொன்றுக்கு அவ்வாறு விதிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்றோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் அறுபது பேரளவில், விமானத்தில் ஏற மறுத்து உள்ளாடையோடு நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். உரிய பத்திரமில்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய கப்பலில் அகதிகளை அடைத்துவைத்ததும் அதே ஆண்டில்தான். ஒக்ரோபர் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்துபோனது.

அந்தப் பெப்ரவரியில் ஹீத்றோவிலிருந்து சில மைல் தூரத்தில், விம்பிள்டனில், சாரத்தில் ஏறி நின்று இந்த இளைஞர்கள் சுவர் வரைந்துகொண்டிருந்த காலம். ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே பிரதமர். ஒரு கூட்டத்தார் தமது மன்னரின் ஆசியோடு வந்து அவரது முகத்தைச் சுவரில் வேடிக்கையாக எழுதினர். இன்னொரு கூட்டத்தார் அவரது குடிவரவு அதிகாரிகளின் முன் உடுப்பைக் களைந்து நின்றனர். முதலாவது கூட்டத்தின் லண்டன் சுவரில் இருக்கின்றது. இரண்டாவது கூட்டத்தின் லண்டன் எங்கே இருக்கின்றது? பழைய பத்திரிகைக் கட்டுகளில் இருக்கின்றது. அன்று அங்கு நின்றவர்களுக்கு இன்று அறுபது எழுபது வயது. அவர்களது பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சம்பவம் தெரியும்?

இதற்காகத் தாய்லாந்து ஓவியர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் அகதிகளல்லர். அவர்களுக்கு ஓர் அரசு இருந்தது, திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. சலெர்ம்சாய் போகவும் செய்தார். தன் பிறந்த கிராமமான றொங் குன்னில் 1997 இலிருந்து தன் சொந்தப் பணத்தில் ஒரு வெள்ளைக் கோயிலைக் கட்டத் தொடங்கினார். இன்று சியாங் ராய்க்குப் போகின்ற உல்லாசப் பயணிகள் எல்லாரும் பார்க்கும் இடம் அது. ஒருவரிடமிருந்து பத்தாயிரம் பாட்டுக்கு மேல் நன்கொடை வாங்குவதில்லை என்று அவர் விதி வைத்தார். பெரும் பணம் கொடுத்தவர் பின்னர் கோயிலைத் தம் விருப்பப்படி ஆட்டிவைக்கக்கூடாது என்பதே காரணம். விம்பிள்டனில் அரசு, பிக்குகள், புரவலர் என எல்லாத் திசையிலிருந்தும் வந்த சொல்லைக் கேட்டுக் களைத்தவரின் விதி இது என்றே எமக்குத் தோன்றுகின்றது. புண்ணியத்துக்கு வேலை செய்தாலும் தன் தூரிகையை அடகு வைப்பதில்லை என்ற பாடத்தை அவர் லண்டனிலிருந்து கொண்டுபோயிருக்கவேண்டும்.

இச்சுவர்களில் எமக்குக் குறையாகப் படுவதையும் சொல்லவேண்டும். பிரபல முகங்களைப் பழைய கதைக்குள் சொருகுவது முதல் பார்வையில் சிரிப்பைத் தரும். அந்தச் சிரிப்புக்கு ஆயுள் குறைவு. 2013 இல் மறைந்த தட்சரை இன்று பாடசாலைப் பிள்ளைக்கு யாரென்று விளக்கவேண்டியிருக்கின்றது. விளக்கிய பிறகும் அவர் ஏன் அங்கே நிற்கின்றார் என்ற கேள்விக்குச் சுவரில் வலுவான பதில் இல்லை. லண்டன் இங்கே புகழ்பெற்ற முகங்களாகவே உள்ளே வந்திருக்கின்றது. பஸ் ஓட்டுகின்றவனாகவும் கோப்பை கழுவுகின்றவளாகவும் வந்திருந்தால் அது இன்னும் ஆழமாகப் போயிருக்கும். இந்நகரத்தில் வாழ்ந்த தாய்லாந்துக்காரரில் பலர் உணவகங்களிலேயே வேலை செய்தவர்கள். அவர்கள் கொண்டுவந்து வைத்த சோற்றுக்கு இருக்கும் இடம், தட்சரின் முகத்துக்கு முன் சிறிதாகப் போய்விடுகின்றது.

ஆயினும் இக்குறையைச் சொல்வதற்காவது அவர்களுக்கு ஒரு சுவர் இருக்கின்றது. எம்மிடம் என்ன இருக்கின்றது? கடந்த நாற்பது ஆண்டுகளில் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் எத்தனையோ கோயில்கள் கட்டியிருக்கின்றனர். பழைய தேவாலயங்களும் மண்டபங்களும் களஞ்சியசாலைகளும் கோயிலாகியிருக்கின்றன. பகல் முழுக்க உழைத்தவர்களின் சிறு சிறு காசில் எழுந்தவை இவை. அந்த உழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆனால் பொதுவாக என்ன நடக்கின்றது? ஸ்தபதி தமிழ்நாட்டிலிருந்து வருகின்றார், சிலை மாமல்லபுரத்திலிருந்து வருகின்றது, வண்ணம் பூசுகின்றவரும் அங்கிருந்தே வருகின்றார். சுவரில் மாட்டுவதற்கு அச்சிட்ட சாமிப்படம் வருகின்றது. எம்மத்தியில் படம் கீறத்தெரிந்தவர்கள் இல்லையா? இருக்கின்றார்கள். அவர்களைச் சஞ்சிகை அட்டைக்கும், புத்தக வெளியீட்டுப் பதாகைக்கும், நாடக மேடைத் திரைக்கும் தேடிப்போகின்றோம். அதற்கும் பெரும்பாலும் காசு கொடுப்பதில்லை. தாய்லாந்து ஓவியர்களுக்கும் காசு இல்லை, ஆனால் சுவர் இருந்தது. எமது ஓவியர்களுக்கு இரண்டும் இல்லை.

பக்தி நிறைந்த இடத்தில் அகதி வாழ்க்கையை ஏன் கீறவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கோயிலுக்குப் போவது இந்தக் கவலைகளை மறப்பதற்குத்தானே என்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலாகத் திருவாரூர் வாணவேடிக்கையைத்தான் காட்டமுடியும். தெய்வம் வந்திறங்கிய ஊர் எது என்று சுவர் சொல்லவேண்டும். லண்டனில் வந்திறங்கிய பிள்ளையாரைச் சுற்றி லண்டனே இல்லாவிட்டால், அவர் இன்னும் விமான நிலையத்தில்தான் நிற்கின்றார்.

கோயில்தான் வேண்டும் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட, முடிவுறாத தோம்பு என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட நூலை இங்கு குறிப்பிடவேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக்கொடுத்தார்கள். அதனை ஒரு கட்டிடக் கலைஞரின் அளவான வரைபடமாகவும், பின்னர் தன் சொந்தச் சித்திரமாகவும் சனாதனன் ஆக்கினார். ஒல்லாந்தர் காணிக் கணக்கு எழுதிய தோம்பின் பெயரை, காணி இழந்தவர்களின் கணக்குக்கு வைத்தார். அங்கே கோடு கீறியவர்கள் ஓவியர்களல்லர். கிணறு எந்தப் பக்கம், மாமரம் எந்த மூலை, சாமியறை எங்கே என்று அவர்களுக்கு மட்டுமே தெரியும். விம்பிள்டன் சுவரில் இல்லாமற்போன சாதாரண மனிதர் இந்நூலில் இருக்கின்றார். விம்பிள்டன் சுவருக்கு இருக்கின்ற பொதுத்தன்மை, அதாவது நூறு பேர் ஒன்றாக நின்று பார்த்து ஒருவருக்கொருவர் கதை சொல்லும் இடம், நூலுக்கு இல்லை. எமது அடுத்த வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றது.

விம்பிள்டன் ஓவியர்கள் ஏன் வரைந்தார்கள் என்பதற்கு ஒரே பதிலைத் தேடுவது பயனற்றது. கடன் தீர்க்க வரைந்தார்கள், பெயருக்கு வரைந்தார்கள், முப்பது வயதுக்குள் உலகத்துக்கு ஒன்றைக் காட்டிவிட வேண்டும் என்று வரைந்தார்கள், அரசு அனுப்பியதால் வரைந்தார்கள். காரணங்கள் கலந்திருந்தன. சுவர் நிற்கின்றது. தூய்மையான காரணம் கிடைக்கும்வரை காத்திருப்பவர்கள்தான் எம்மத்தியில் அதிகம். கலை கலைக்காகவா மக்களுக்காகவா என்று எமது சிறுபத்திரிகைகள் பக்கம் பக்கமாக விவாதித்த காலத்தில், பக்கத்து வீதியில் சிலர் சாரம் கட்டி ஏறிவிட்டார்கள்.

விம்பிள்டன் ஸ்ரேஷனிலிருந்து 93 ஆம் இலக்க பஸ் பார்க்சைட் வழியாகப் போகின்றது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தட்சர் எங்கே நிற்கின்றார் என்று அவர்களைத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும், அந்த ஆண்டில் ஹீத்றோவில் நின்றவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லிமுடித்த பின், அவர்களை எங்கே வரையலாம் என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுப்பாருங்கள்.